நெல்லையிலிருந்து ஷெங்கன் விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகன் மியூனிக்கில், மகள் ஆம்ஸ்டர்டாமில் என்று சொல்கிற வீடுகள் பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் மட்டும் இல்லை, களக்காட்டிலும் சேரன்மகாதேவியிலும் இருக்கின்றன. ரோம், பிரான்ஸின் லூர்து, போர்ச்சுகலின் பாத்திமா என்று திருத்தலப் பயணம் கிளம்புகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒரே விசா, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துச் செல்லும் ஷெங்கன் விசா. அதைப் பற்றி ஊரில் சுற்றும் பேச்சில் பாதி அரைகுறை, மீதி யாரோ கிளப்பிவிட்ட பயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தைப் படிக்கிற அதிகாரிக்கு நம் ஊரும் தெரியாது, நம் குடும்பமும் தெரியாது. கையில் இருக்கும் தாள்கள் சொல்வதுதான் அவருக்குத் தெரியும். அதனால் எல்லாத் தாளும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான்.

ஒரே விசாவில் எத்தனை நாடு போகலாம்?

29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 25, அதோடு நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன். 1985-இல் லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூர் அருகே ஐந்து நாடுகள் கையெழுத்திட்டு ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து இவ்வளவு ஆகியிருக்கிறது. குரோஷியா 2023-இல் வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக உள்ளே. வத்திக்கானுக்குத் தனி விசா கிடையாது, ரோமிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அயர்லாந்தும் சைப்ரஸும் இந்தக் கூட்டில் இல்லை. லண்டனும் இல்லை. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம்.

அப்படியென்றால் நடுவில் லண்டனில் இருக்கும் தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பாரிஸ் வர முடியாதா?

பிரிட்டன் விசா கையில் இருந்தால் லண்டன் போகலாம். ஆனால் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், வெளியே கால் வைத்ததும் அது முடிந்தது. திரும்பப் பாரிஸுக்குள் விடமாட்டார்கள், ஊருக்கு வருகிற விமானம் பாரிஸிலிருந்து என்றால் சிக்கல்தான். இப்படித் திட்டம் இருந்தால் விண்ணப்பத்திலேயே இரண்டு அல்லது பலமுறை நுழைவு கேளுங்கள், பயணத் திட்டத்தில் லண்டன் நாட்களையும் காட்டுங்கள். இன்னும் எளிய வழி, லண்டனை முதலிலோ கடைசியிலோ வைத்துக்கொள்வது.

எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

அதிக நாள் தங்கும் நாட்டிடம். மகனோடு ஜெர்மனியில் 12 நாள், பாரிஸில் 3 நாள், சுவிட்சர்லாந்தில் 2 நாள் என்றால் ஜெர்மனி. ரோமில் 4 நாள், லூர்தில் 3, பாத்திமாவில் 3 என்று திருத்தலப் பயணம் போனால் இத்தாலி. எல்லா நாட்டிலும் சரிசமமான நாள் என்றால் முதலில் காலடி வைக்கும் நாடு. பயணத்தின் முக்கிய நோக்கம் வேறொரு நாட்டில் இருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

விமானம் மாறுவதற்காக இறங்குகிற ஊர் இந்தக் கணக்கில் சேராது.

எந்த நாடு சீக்கிரம் கொடுக்கும்? அதில் வாங்கிக்கொண்டு மற்ற நாட்டுக்குப் போய்விட்டால்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. அப்பாயிண்ட்மென்ட் எளிதாகக் கிடைக்கிறது என்று ஒரு நாட்டிடம் வாங்கிவிட்டு, அங்கே எட்டிக்கூடப் பார்க்காமல் பதினைந்து நாளும் வேறு நாட்டில் இருப்பது சரியான வழி இல்லை. ஹோட்டல் பதிவு ஒரு நாட்டில், இறங்குகிற விமானம் வேறு நாட்டில் என்று எல்லையில் தெரிந்தால் நிறுத்திக் கேட்பார்கள். விசாவை ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பதிவு 29 நாடுகளின் கணினியிலும் தெரியும். திட்டத்தில் ஒன்றிரண்டு நாள் கூடக்குறைய ஆவது வேறு விஷயம், அதற்கு யாரும் பிடிக்கப் போவதில்லை.

எப்போது விண்ணப்பிக்கலாம்? சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் கெடு, கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். நம் பள்ளி விடுமுறையும் ஐரோப்பாவின் நல்ல வெயில் காலமும் ஒட்டியே வருவதால் ஏப்ரல் முதல் ஜூன் வரை அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே தாள்களைத் திரட்ட ஆரம்பியுங்கள்.

தாள்களை வாங்குவது தூதரகம் இல்லை, அதன் சார்பில் இயங்கும் மையம். பெரும்பாலான நாடுகளுக்கு வி.எஃப்.எஸ். குளோபல், ஸ்பெயினுக்கு பி.எல்.எஸ். இன்டர்நேஷனல். நமக்குச் சென்னைதான் வழக்கம். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். பத்து, பதினொரு மணி அப்பாயிண்ட்மென்ட்டுக்கு அது சரியாக வரும். வந்தே பாரத் வேகம்தான், ஆனால் காலையில் கிளம்பி மதியத்துக்கு மேல்தான் சேரும். அதில் போனால் மாலை நேரமாகப் பார்த்து எடுங்கள்.

கைரேகை கொடுக்க வேண்டும் என்பதால் 12 வயது நிறைந்த எல்லோரும் நேரில் போக வேண்டும். பத்து விரலும் வைப்பார்கள். விரல் நுனியில் மருதாணியோ வெட்டுக்காயமோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வாரமே அப்பாயிண்ட்மென்ட் வைத்தால் இது ஒரு தொல்லை. ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும், அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் பழையதையே எடுத்துக்கொள்ளலாம்.

மையத்தில் உட்கார்ந்திருப்பவர் விசா கொடுப்பவர் இல்லை. "கிடைத்துவிடுமா தம்பி?" என்று அவரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

செலவு எவ்வளவு?

2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். ரூபாயில்தான் கட்ட வேண்டும். இதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், சென்னை போய்வருகிற செலவு. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது.

மையத்தில் எஸ்.எம்.எஸ். சேவை, தனி அறை வசதி என்று சில தலையில் கட்டப் பார்க்கலாம். எதுவும் கட்டாயம் இல்லை, எதுவும் விசா கிடைக்கிற வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை.

பாஸ்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்? எனக்கு இனிஷியல் மட்டும்தான், சர்நேம் இல்லை.

பயணம் முடிந்து கிளம்புகிற நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் மதுரை வரை ஓட வேண்டாம், திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஈ.சி.ஆர். முத்திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு, ஐரோப்பாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெயர்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. ஆதாரில் எஸ். சுடலைமுத்து, பட்டாவில் சண்முகவேல் மகன் சுடலைமுத்து, பேங்கில் முத்து, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து சண்முகவேல் சுடலைமுத்து. நமக்கு நாலும் ஒரே ஆள். தாளில் அவர் நாலு பேர். போதாக்குறைக்கு 'முத்து'வுக்கு ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் வெறும் டி, இன்னொரு இடத்தில் டி-எச்.

பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், டிக்கெட், ஹோட்டல், இன்சூரன்ஸ் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வர வேண்டும். பேங்க் கணக்கில் பெயரை மாற்றுவது எளிது, ஆதார், பாஸ்போர்ட் நகலோடு கிளைக்குப் போனால் முடியும். அதை முதலில் செய்யுங்கள். பட்டாவில் பெயர் மாற்ற மாதக்கணக்கில் ஆகும், அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டாம். இந்தப் பெயர்களெல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதமான கவர் லெட்டரில் ஒரு வரி எழுதிவிட்டால் பெரும்பாலும் போதும்.

சர்நேம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டிலும் விசா கிடைக்கிறது. ஆன்லைன் படிவம் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடச் சம்மதிக்காது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது அந்தந்த நாட்டின் குறிப்பிலேயே இருக்கும். நீங்களாக அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ அதில் போட்டு நிரப்பாதீர்கள். எப்படியும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அப்போதே அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துவிடுவது பின்னால் பல தொல்லையைக் குறைக்கும்.

பேங்கில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு தொகை கிடையாது. பயணச் செலவைத் தாங்கும் அளவு இருக்க வேண்டும், அது உங்கள் வருமானத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதிகாரி பார்ப்பது கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் இல்லை. மூன்று மாதமோ ஆறு மாதமோ பணம் வந்துபோன தடத்தை.

இங்கேதான் பலர் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். ஐந்து மாதமாகப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டாத கணக்கில், அப்பாயிண்ட்மென்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்று லட்சம் ரொக்கமாக விழும். நகையை அடகு வைத்தோ மைத்துனரிடம் கைமாற்று வாங்கியோ போட்டது. ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுகிற யாருக்கும் அது இரவல் பணம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இதைவிட, இருப்பு குறைவு என்பதை ஒப்புக்கொண்டு மகன் செலவு ஏற்கிறான் என்று காட்டுவது எவ்வளவோ மேல். பெரிய தொகை நியாயமாக வந்திருந்தால், சீட்டு எடுத்தது, மனை விற்றது, ஓய்வூதியப் பணிக்கொடை என்று எதுவாக இருந்தாலும் அதன் ரசீதையோ பத்திரத்தையோ பக்கத்திலேயே வையுங்கள்.

வீட்டில் உள்ள நகையைக் கணக்கில் காட்ட முடியுமா என்று கேட்பார்கள். காட்டலாம், ஆனால் அதை நம்பி விசா கிடைக்காது. வைப்பு நிதி ரசீதுக்கு அதைவிட மதிப்பு அதிகம். கூட்டுறவு வங்கியிலோ தபால் நிலையத்திலோ கணக்கு இருந்தால் பாஸ்புக் நகல் மட்டும் போதாது, கணினியில் எடுத்த ஸ்டேட்மென்ட்டில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள்.

நான் விவசாயி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பது சட்டம். ஐ.டி. ரிட்டர்ன் இல்லாததே குற்றம் ஆகாது, அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று காட்டினால் போதும். பட்டா சிட்டாவை ஆன்லைனிலேயே எடுக்கலாம். என்ன பயிர் நிற்கிறது என்பதற்கு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல். இ-சேவை மையம் வழியாக வருமானச் சான்று. தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

இவற்றையெல்லாம் விட வலுவான தாள் ஒன்றை நம்மவர்கள் கண்டுகொள்வதே இல்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் பிசானப் பருவத்து நெல்லைப் போட்டால் பணம் கணக்கில்தான் வரும். அந்த வரவு ஸ்டேட்மென்ட்டில் அரசு நிறுவனத்தின் பெயரோடு நிற்கும். அந்த வரியைக் கோடிட்டு, கொள்முதல் ரசீதின் நகலையும் வைத்தால், இவர் நிலம் வைத்திருப்பது மட்டும் இல்லை, அதில் உழுது சம்பாதிக்கிறார் என்று ஆகிவிடுகிறது. வாழைக்காரர்களுக்கு இது கடினம், மண்டியில் பெரும்பாலும் ரொக்கம். அடுத்த தார் வெட்டிலிருந்தாவது வியாபாரியிடம் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

திரும்பி வருவீர்களா என்ற கேள்விக்கும் விவசாயியிடம் நல்ல பதில் இருக்கிறது. ஜூனில் போய் ஜூலையில் திரும்புகிறேன், புரட்டாசி ஐப்பசியில் பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டும் என்பதை விடப் பெரிய காரணம் யாரிடம் இருக்கிறது?

வேலை, கடை, பென்ஷன்காரர்களுக்கு?

சம்பளக்காரர்: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, லெட்டர்ஹெட்டில் விடுப்புக் கடிதம், ஐ.டி. ரிட்டர்ன். அரசு ஊழியர் என்றால் துறையின் தடையின்மைச் சான்று. அது மேலே போய் இறங்கி வர நாளாகும், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போடுங்கள். கடைக்காரர்: ஜி.எஸ்.டி. பதிவு அல்லது உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்று, ரிட்டர்ன், கடைக் கணக்கும் சொந்தக் கணக்கும் இரண்டின் ஸ்டேட்மென்ட். ஓய்வு பெற்றவர்: பென்ஷன் உத்தரவு நகலும் பென்ஷன் வரும் கணக்கும், எல்லோரிலும் இவர்கள் தாள்தான் சுத்தமாக இருக்கும். கல்லூரி மாணவர்: போனஃபைடு சான்றும் பெற்றோரின் செலவு ஏற்புக் கடிதமும். பீடி சுற்றுகிறவர்களும் இல்லத்தரசிகளும் கணவர் அல்லது பிள்ளையின் பொறுப்பில் போகலாம்.

மகன் அங்கிருந்து ஸ்பான்சர் செய்கிறான். வெறும் அழைப்புக் கடிதம் போதுமா?

நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் மகன் தன் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சான்றைக் காட்டி, ஃபெர்ப்ஃபிளிஷ்டுங்ஸ்எர்கிளேருங் என்ற பொறுப்பேற்புப் பத்திரம் வாங்க வேண்டும். கட்டணம் 29 யூரோ. அப்பா அம்மாவின் செலவு முழுவதும் என் பொறுப்பு என்று சட்டப்படி கட்டுப்படுகிற பத்திரம் அது. மூலப் பத்திரத்தையே விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த படம் செல்லாது. கூரியரில் வர நாள் விட்டுக்கொள்ளுங்கள். சில நகரங்களில் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது.

பிரான்ஸில் தங்க வைப்பவர் மேயர் அலுவலகத்தில் தங்குமிடச் சான்று வாங்க வேண்டும். நெதர்லாந்துக்கு அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்தை நகராட்சியில் உறுதிப்படுத்த வேண்டும்.

எந்த நாடாக இருந்தாலும், மகன்தான் என்பதற்குச் சான்று தேவை. அவனுடைய பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் இசக்கி என்றும் பாஸ்போர்ட்டில் இசக்கியம்மாள் என்றும் இருக்கும், அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. மகனின் பத்திரம் செலவுக்குத்தான் பதில், திரும்பி வருவதற்கு இல்லை. உங்கள் வீடு, நிலம், பென்ஷன், இங்கே இருக்கும் மற்ற பிள்ளைகள் இவற்றின் தாள்களும் கூடவே போக வேண்டும்.

மகளின் பேறுகாலத்துக்குப் போகிறேன். ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாமா?

முடியாது. குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. விசாவின் தேதி ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நீண்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் இரண்டுமே சேர்த்தி.

ஜனவரி 10-இல் போய் இறங்கி ஏப்ரல் 9-இல் கிளம்பினால் சரியாக 90 நாள் (பிப்ரவரிக்கு 28 நாள் என்று வைத்துக்கொண்டால்). பலமுறை நுழைவு விசா கையில் இருந்தாலும் அடுத்து உள்ளே போகக்கூடிய நாள் ஜூலை 9. ஒரு நாள் கூட இருந்துவிட்டு வந்தாலும் அது பதிவாகும், அடுத்த விசாவில் வந்து நிற்கும். அங்கே போய் நீட்டிப்பது கடும் நோய், விமானமே ஓடாத நிலை போன்ற காரணங்களுக்குத்தான். குழந்தை இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது அதில் வராது.

பிரசவத்துக்கு முன் மூன்று வாரம், பின் இரண்டு மாதம் என்று திட்டமிடுவது வழக்கம். சம்பந்தியம்மா அதற்கடுத்த மூன்று மாதம் போகிற ஏற்பாடும் பல வீடுகளில் நடக்கிறது. நோக்கத்தை மறைத்துச் சுற்றுலா என்று எழுதாதீர்கள். குடும்பத்தைப் பார்க்கப் போகிறேன், மகளுக்கு இன்ன மாதம் பிரசவம் என்று எழுதி, அங்குள்ள மருத்துவரின் தேதி குறித்த கடிதத்தை வையுங்கள்.

கவர் லெட்டரில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். இணையத்தில் கிடைக்கிற, ஐரோப்பியக் கலாசாரத்தின் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் என்று ஆரம்பிக்கிற கடிதத்தைப் பிரதி எடுக்காதீர்கள். அதிகாரி தினமும் படிப்பது அதைத்தான். ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஆனால் விஷயம் இப்படி இருந்தால் போதும்:

"நான் சேரன்மகாதேவி அருகே மூன்று ஏக்கரில் நெல்லும் வாழையும் பயிரிடுகிறேன். என் மகன் நான்கு வருஷமாக ஸ்டுட்கார்ட்டில் பொறியாளராக இருக்கிறான். நானும் என் மனைவியும் ஜூன் 3 முதல் 20 வரை அவனோடு தங்குகிறோம். நடுவில் மூன்று நாள் பாரிஸ் போகிறோம். செலவு மகனுடையது, பொறுப்பேற்புப் பத்திரம் இணைத்திருக்கிறேன். என் மூத்த மகள் குடும்பத்தோடு எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். பட்டாவில் என் பெயர் வேறு மாதிரி இருப்பதற்குப் பிரமாணப் பத்திரம் வைத்திருக்கிறேன்."

யார், எங்கே, எத்தனை நாள், யார் காசு, ஏன் திரும்புவார், எந்தத் தாளில் என்ன குறை. எல்லாம் வந்துவிட்டது. அப்புறம் இணைப்புகளின் பட்டியல், கையெழுத்து.

டிக்கெட்டை முன்பே வாங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். பயண முன்பதிவுதான் கேட்கிறார்கள், பணம் கட்டிய டிக்கெட் இல்லை. ரத்து செய்யக்கூடிய பதிவைப் பயன்படுத்துங்கள், ஹோட்டலுக்கும் அப்படியே. போலி பதிவு எண்ணோடு தயாரித்துக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சரிபார்த்து இல்லை என்று தெரிந்தால், பொய்த் தாள் கொடுத்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான். விசா வந்த பிறகு விமானம் பார்க்கும்போது திருவனந்தபுரத்தையும் பாருங்கள். வளைகுடா வழியாகப் போகிற விமானங்கள் அங்கே நிறைய, நெல்லைக்குச் சென்னையை விட அது எவ்வளவோ கிட்ட.

இன்சூரன்ஸ்?

குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்குகிற எல்லா நாட்களுக்கும். இந்திய நிறுவனங்களின் பாலிசியே செல்லும். சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைத்து எடுத்தால் விசா கிடைத்துவிடும், ஆஸ்பத்திரி பில் வரும்போதுதான் கை விரிப்பார்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பிரீமியம் கூடும், அதில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

குழந்தையைக் கூட்டிப் போகிறேன். அப்பா சவுதியில் இருக்கிறார்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சம்மதக் கடிதத்தைச் சான்றொப்பம் வாங்கி அனுப்பட்டும், பாஸ்போர்ட் நகலும் இகாமா (சவுதி குடியிருப்பு அனுமதி) நகலும் கூட.

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். லீவில் மேலப்பாளையம் வந்திருக்கும்போது விண்ணப்பிக்கலாமா?

குடியிருப்பு அனுமதி எங்கே இருக்கிறதோ அங்கே விண்ணப்பிப்பதுதான் விதி. ஏன் இங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதற்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அங்கேயே சம்பளம், அங்கேயே பேங்க் கணக்கு, தாள் திரட்டுவதும் அங்கேதான் எளிது.

ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா?

படிவம் நிரப்பவும் தாள்களை அடுக்கவும் ஆள் வேண்டும் என்றால் தாராளமாக. ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் நாணயமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். "எம்பஸியில நமக்கு ஆள் இருக்கு, கேரண்டி" என்று ஒருவர் சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இன்னொருவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு போடுங்கள்.

விசா வந்துவிட்டது. ஸ்டிக்கரில் என்ன பார்க்க வேண்டும்?

பெயர், பாஸ்போர்ட் எண் இரண்டிலும் எழுத்துப் பிழை இருந்தால் உடனே சொல்லித் திருத்துங்கள். அப்புறம் மூன்று இடம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை முறை நுழைவு, எத்தனை நாள். தேதி இடைவெளி 30 நாள் என்றும் நாள் எண்ணிக்கை 15 என்றும் இருந்தால், அந்த முப்பதுக்குள் ஏதாவது பதினைந்து நாள்தான் இருக்கலாம். பயணம் ஓரிரு நாள் தள்ளிப்போனால் சமாளிக்கத்தான் அந்த இடைவெளி.

மறுத்துவிட்டார்கள். இனி அவ்வளவுதானா?

இல்லை. காரணம் குறித்த தாள் ஒன்று கூடவே வரும். அதில் அச்சடித்த காரணங்களில் ஒன்றோ இரண்டோ டிக் செய்யப்பட்டிருக்கும்: பயண நோக்கம் தெளிவில்லை, செலவுக்குப் பணம் போதவில்லை, கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை, திரும்பிப் போகும் எண்ணம் உறுதியாகவில்லை. அந்த டிக்கைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். பணம் போதாது என்பதற்கு மகனின் பத்திரம் பதிலாகும். திரும்ப மாட்டார் என்பதற்கு ஆகாது.

மேல்முறையீட்டு உரிமை உண்டு, எங்கே எத்தனை நாளுக்குள் என்பது அதே தாளில் இருக்கும். ஜெர்மனியில் முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. இனி நீதிமன்றம் அல்லது புது விண்ணப்பம். நம்மைப் போன்றவர்களுக்குப் புது விண்ணப்பம்தான் நடைமுறைக்கு ஒத்தது. காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. ஆனால் அதே தாள்களை அப்படியே மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே பதில்தான் வரும். முன்பு மறுத்ததை மறைக்கவும் வேண்டாம், அவர்கள் கணினியில் இருக்கிறது.

அங்கே இறங்கியதும் என்ன கேட்பார்கள்?

திரும்புகிற டிக்கெட், தங்குமிடம், இன்சூரன்ஸ், கையில் பணம். விண்ணப்பத்தின் நகல் ஒரு செட் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வைத்து செக்-இன் செய்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் பதிகிற முறை படிப்படியாக வந்திருக்கிறது. விசாவுக்கே ரேகை கொடுத்துவிட்டதால் நம் முகத்தைப் படம் எடுத்துக்கொள்வார்கள். 90 நாள் கணக்கை இனி கணினியே போடும். இடியாஸ் என்று ஒன்று வருகிறதாமே என்று கேட்கிறார்கள். அது விசா தேவையில்லாத நாட்டவர்கள் கிளம்பும் முன் வாங்க வேண்டிய அனுமதி, நமக்கு இல்லை.

ஷெங்கனுக்குள் நாடு விட்டு நாடு போகும்போது எல்லைச் சோதனை இல்லை என்பது பொது விதி. ஆனாலும் ஜெர்மனி போன்ற நாடுகள் தற்காலிகச் சோதனை வைத்திருக்கின்றன, ரயிலில் ஏறிக்கூடப் பார்ப்பார்கள். பாரிஸ் ஒரு நாள்தானே என்று பாஸ்போர்ட்டை மகன் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

மகனுக்கு அல்வா கொண்டு போகலாமா?

வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. ரொட்டி, பிஸ்கட், சாக்லேட், இனிப்பு வகைகளுக்கு விலக்கு இருப்பதால் அல்வா தப்பிக்கும். நெய் பாட்டிலும் வெண்ணெயும் தப்பிக்காது. கருவாடு கொண்டு போகலாம், மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி. சக பயணிகளை நினைத்து நன்றாகக் கட்டுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்று இல்லாமல் அனுமதி இல்லை. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்று வேண்டாம். கறிக்குழம்பை உறைய வைத்துக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறையும் இதே பாடு படணுமா?

குறையும். 2024 ஏப்ரல் 18 முதல் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. முந்தைய மூன்று வருஷத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், இரண்டு வருஷம் செல்லும் பலமுறை நுழைவு விசா வழங்கலாம். பாஸ்போர்ட்டின் ஆயுள் இடம் கொடுத்தால் அதற்கடுத்து ஐந்து வருஷம். முறையாக என்றால் நாள் மீறாமல், சொன்ன நோக்கத்துக்கு. அந்தப் பெரிய விசாவிலும் 90 நாள் கணக்கு அப்படியேதான்.

விசா உயிரோடு இருக்கும்போது பாஸ்போர்ட் முடிந்து புதியது வாங்கினால், விசா ஒட்டிய பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கொண்டு போகலாம்.